பாசிக்கு வைத்த பேனர்

கடலுக்கடியில் பாசி மாதிரி ஒன்று இருக்கிறது. பார்த்தால் பாசி, உண்மையில் அது பிராணி. ஹைட்ராய்டு என்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒன்றுக்குப் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியும் இருக்கிறது. படித்தவர்கள் எடுக்கத் துணியாத அந்தக் கேள்விக்குறியை, ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாத நான், உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் பேனர் கட்டி ஒரே நாளில் எடுத்துவிட்டேன். பேனரில் என் படமும் இருந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு.

நான் ஓரிடத்தில் நின்றவன் இல்லை. ஒன்பதாவது முழுப் பரீட்சை லீவில் பழையசீவரம் பக்கம் பாலாற்று ஓரத்துச் செங்கல் சூளைக்குக் கல் அறுக்கப் போனேன். பள்ளிக்கூடம் திறந்தது தெரியும், போகவில்லை. பிறகு லாரியில் கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுவது. சாயப்பட்டறையில் கைத்தோல் உரிந்தது, கேன்டீனில் ஆறியது. எந்த வேலையையும் சண்டை போட்டு விட்டதில்லை. ஒரு காலையில் எழுந்தால் அங்கே இருக்க முடியாது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன், அவ்வளவுதான். கடைசியாகப் போய்ச் சேர்ந்தது கல்பாக்கத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பம். ஏரியில் நீந்தப் பழகியவனைக் கடலுக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். கரையில்தான் வேலை. மீன் இறக்க வேண்டும், வலை உதற வேண்டும், படகைக் கவிழ்த்துப் போட்டு அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்ட வேண்டும். சில பாசி பட்டால் முழங்கை வரை தடித்து அரிக்கும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு அடுத்த படகுக்குப் போவோம்.

எனக்கு ஒரே அக்கா. உத்திரமேரூருக்கு வெளியே காலனியில் இருக்கிறாள். நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை. அவள் புருஷன் மேஸ்திரிக்குக் கையாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார். அக்கா ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவாள். இருவருக்கும் இதில் தகராறு வந்து நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு ஒரே பெண்.

அந்தப் பெண் வயசுக்கு வந்தபோது நான் திருப்பூரில் இருந்தேன். எங்கள் பக்கம் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். புடவை, மாலை, பழத்தட்டு. மாமன் போட்ட மாலையோடுதான் பெண் மணையில் உட்காருவாள். சேதி வந்தது. முதலாளி லீவு தரவில்லை என்று சொல்லிவிட்டேன். வெறுங்கையோடு போய் நிற்க வெட்கப்பட்டுத்தான் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாமன் முறையில் நின்று மாலை போட்டார். ஆல்பத்தில் அவர்தான் இருக்கிறார். அக்கா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் ஊருக்கு வந்தால் மட்டும், டிவி பக்கத்தில் இருக்கும் அந்த ஆல்பத்தை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துவிடுவாள்.

அந்தப் பெண்தான் இப்போது சென்னையில் ஒரு கல்லூரியில் விலங்கியலில் ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் தெருவில் அவ்வளவு தூரம் படித்தவர் வேறு யாரும் இல்லை. தெருவில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். காய்ச்சல் என்றால் வந்து மாத்திரை கேட்பார்கள்.

"நான் அந்த டாக்டர் இல்ல பெரிம்மா."

"பின்ன இன்னா டாக்டரு? மாட்டு டாக்டரா?"

"பாசி டாக்டரு."

"அதுக்குக்கூட வைத்தியம் கீதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் அவள் எனக்கு போன் செய்தாள். "மாமா, கயித்துல, படகுல ஒட்டிகினு வர்ற பாசி எல்லாம் சொரண்டித் தூக்கிப் போட்டுடறீங்க இல்ல? அத எனக்கு எடுத்து வைக்கிறியா?" அடுத்த வாரமே மூடி போட்ட பாட்டில்களில் ஸ்பிரிட் ஊற்றி அக்கா புருஷனிடம் கொடுத்து அனுப்பினாள். என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. கொடுக்கக்கூடிய பொருளை நான் வைத்திருந்ததில்லை என்பதால் கேட்கவும் மாட்டார்கள். குப்பையாக எறிவதை அவள் கேட்டது எனக்குப் பெரிதாக இருந்தது. பாட்டில் நிரப்புவதில் வேறெந்த வேலையிலும் இல்லாத கவனம் வந்தது.

ஒரு தடவை, எப்போதோ அறுந்து கடலடியில் கிடந்த நங்கூரக் கயிறு ஒன்று வலையில் சிக்கி வந்தது. அதில் பழுப்பாக, கோழியின் சின்ன இறகு மாதிரி ஒரு கொத்து. கிட்டப் பார்த்தால் இறகின் நடுவே வெள்ளையாகக் கடுகு போல ஏதோ இருந்தது. அந்தக் கொத்தைத் தனி பாட்டிலில் போட்டேன்.

அடுத்த விடுமுறைக்கு அவள் ஊருக்கு வந்தபோது கல்லூரியிலிருந்து ஒரு மைக்ராஸ்கோப் எடுத்து வந்திருந்தாள். நானும் பாட்டிலோடு போயிருந்தேன். அக்கா வீட்டில் மேசை கிடையாது. அரிசி டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தாள். பாட்டிலைத் திறந்து, கொத்தில் ஒரு நுனியைக் கிள்ளி வைத்துக் குனிந்தவள் வெகு நேரம் நிமிரவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டாள். முதலில் என் கண் இமை மயிர்தான் தெரிந்தது. "கண்ண ஒட்ட வைக்காத மாமா, கொஞ்சம் மேல எடு," என்றாள். எடுத்ததும் தெரிந்தது. ஒரு தண்டு, தண்டின் இரு பக்கமும் வரிசையாகக் கண்ணாடிக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் ஒரு வாய் என்றாள். அத்தனையும் சேர்ந்துதான் ஒரு பிராணியாம். ஒரு வாய் தின்றால் எல்லாவற்றுக்கும் போகுமாம். வெள்ளைக் கடுகு என்று நான் பார்த்தது இப்போது ஜாடி மாதிரி பெரிதாக இருந்தது.

"அதான் மாமா கூடு. முட்டை வைக்கிற இடம். கிண்ணம் மட்டும் பாத்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கூட்டைப் பாத்தாதான் இது யாருன்னு சொல்ல முடியும்."

அப்போதுதான் அந்தக் கேள்விக்குறியின் கதையைச் சொன்னாள். ரொம்ப காலத்துக்கு முன் ஒருவர் கடலில் ஒரு துண்டு எடுத்தார். படம் வரைந்து, பெயர் வைத்து, அரைப் பக்கம் எழுதிவிட்டுப் போய்விட்டார். கூடு இல்லாத துண்டு. பின்னால் வந்த ஒருவர், இது தனி இனமே இல்லை, ஏற்கெனவே தெரிந்த வேறொன்றின் இளசு என்றார். அதற்குப் பிறகு தேடியவர்கள் கையில் அது அகப்படவே இல்லை. தனி இனம் என்றும் சொல்ல முடியாமல், இல்லை என்றும் தள்ள முடியாமல், பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டு விட்டுவிட்டார்கள்.

"பாவம்," என்றேன்.

அவள் சிரித்தாள். "என் சாதி சர்டிபிகேட்டுக்குப் போனப்ப தாலுக்கா ஆபீஸ்ல நைனாவக் கேட்டாங்களே, சர்ச்சா கோயிலா, ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னு. எனக்கு அந்த ஞாபகம்தான் வந்திச்சி."

முதலில் எடுத்த அந்தத் துண்டு வேறொரு ஊர் மியூசியத்தில் ஒரு பாட்டிலில் இருக்கிறதாம். அதை வரவழைத்து, என் கயிற்றில் வந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வழியாக முடிவு சொல்லலாம். அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர், கைடு என்பாள், அவர் கையெழுத்துப் போட்டு எழுதினால்தான் மியூசியத்தில் பாட்டிலை அனுப்புவார்கள். கூடு வைத்த துண்டு கிடைத்தால் எழுதுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். எதையும் பலமுறை பார்க்காமல் வாய் திறக்காத மனுஷர் என்றாள். அவளுடைய ஆராய்ச்சியில் பாதி அந்தப் பாட்டில் வருவதில்தான் இருந்தது.

"அப்போ இது அதுதானா?" என்றேன்.

"இருக்கலாம். யார்கிட்டயும் சொல்லாத மாமா. கைடு பாக்கணும்."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்," என்றேன். சொல்லும்போது அது பொய் இல்லை.

அவள் சென்னைக்குப் போன பிறகும் நான் குப்பத்துக்குத் திரும்பாமல் ஊரிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடை. அங்கே உட்காருகிறவர்களுக்கு நான் எப்போதும் ஒரு தமாஷ்.

"வாப்பா ஊர்சுத்தி. இப்ப எங்கத்தி வேலை? ஆந்திராவா, அமெரிக்காவா?"

"சமுத்திரத்துல," என்றேன்.

"ஏரி மீன் புடிக்கவே தெரியாது, இவன் சமுத்திரத்துல கீறானாம்." சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதெல்லாம் பழகிவிட்டது. டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர்தான் கேட்டார், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல்: "உங்க அக்கா பொண்ணு இன்னும் பட்ச்சிகினுதான் கீதா? எத்தினி வருசம்பா? பாஸ் ஆவுலியா?"

பெஞ்சில் இருந்தவர் ஒருவர், "மாமனாட்டம் அதுவும் பாதியிலயே வுட்டுடப் போவுது," என்றார்.

என்னைப் பற்றி எதைச் சொன்னாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். "கடல்ல புது பிராணி கண்டுபுடிச்சிட்டா," என்றேன். இருக்கலாம் என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சொல் உள்ளே போய்விட்டது.

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமே. நான் எடுத்துக் குடுத்ததுதான்."

கடைக்காரர் எனக்கு இன்னொரு டீ போட்டார். "ஏம்பா, இத்தினி பெரிய விசயம், ஒரு பேனர் வெக்க மாட்டியா? நீதான தாய்மாமன்?" என்றார்.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது நினைக்கிறேன். அவர் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் ஊரில் பிறந்தாலும் பேனர், காது குத்தினாலும் பேனர், செத்தாலும் பேனர். என் பெயரில் ஒரு பேனரும் நின்றதில்லை. அன்றைக்கே ஃபிளெக்ஸ் அடிக்கிற கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா ஃபங்ஷன்ணா? காதுகுத்தா?"

"கண்டுபிடிப்பு."

"அதுக்கு டிசைன் கெடயாதே. பொறந்த நாளு, கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, இதான் கீது."

கொஞ்சம் யோசித்தேன். "மஞ்சள் நீராட்டுலயே பண்ணிடும்மா," என்றேன்.

திரையில் ஊஞ்சலும் கிளியும் ரோஜாவும் வந்தன. நடுவில் என் அக்கா மகளின் படத்தை வைத்தாள். பிராணியின் படம் எங்கே என்று கேட்டாள். என்னிடம் இல்லை. பெயர் கேட்டாள். அது நீளமான பெயர், மனசில் நிற்கவில்லை. அவளே கடல் பிராணி என்று போட்டுத் தேடி, செக்கச்செவேலென்று பூ மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"இதுவா?"

"இல்லம்மா. அது பழுப்பா, சின்னதா, எறகு மாதிரி இருக்கும். சரியா கண்ணுக்கே தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாதத பேனர்ல போட்டா யாருண்ணா பாப்பாங்க?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. சிவப்புப் பூ இருக்கட்டும் என்றேன். 'கடலில் புதிய உயிரினத்தைக் கண்டுபிடித்த எங்கள் குலவிளக்கே, வருக வருக' என்று மேலே எழுத்து. கீழே கும்பிட்டபடி நான், 'தாய்மாமன்' என்று போட்டு. எனக்குக் கீழே தெருப் பையன்கள் வரிசையாக. கறுப்புக் கண்ணாடி என்னுடையது இல்லை. அந்தப் பெண் கம்ப்யூட்டரிலேயே போட்டுவிட்டாள், கண் சிவந்திருக்கிறது என்று.

அக்கா மகள் சனிக்கிழமை சாயந்தரம் செங்கல்பட்டு பஸ்ஸில் வருவாள் என்று தெரியும். பஸ் நுழைகிற வளைவுக்கு எதிரே பேனரைக் கட்டினோம். அக்கா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். வரும்போது என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை வருஷத்துப் பேசாத பேச்சும் தீர்ந்துபோன மாதிரி இருந்தது. என் கையில் தட்டு இருந்தது. புடவை, பழம், பூ, மேலே மாலை. அன்றைக்குக் கொண்டுபோகாத அதே சாமான்கள். பையன்கள் சரவெடியை நீட்டிப் போட்டு வைத்திருந்தார்கள்.

பஸ் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கியவள் முதலில் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள். அவள் படிப்பது தெரிந்தது. கண் ஒவ்வொரு வரியாக இறங்கியது. சிவப்புப் பூவில் நின்றது. என் படத்தில் நின்றது. வெடி வைத்துவிட்டார்கள். அவள் உதடு அசைந்தது, என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. சந்தோஷத்தில் அப்படி ஆகிறது என்று நினைத்தேன். பிறகு என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள். பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என் முன்னால் வந்து, மாலைக்குத் தலை குனிந்தாள்.

போட்டோ எடுத்தார்கள். அவள் சிரித்தாள். டீக்கடைக்காரர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்குப் போனதும் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கதவைச் சாத்தினாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்.

"மாமா, அது அதோட கூடு இல்ல."

எனக்கு விளங்கவில்லை. அவள் திரும்பி, பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னாள். அந்த இறகு மேல் இன்னொரு பொடி ஹைட்ராய்டு படர்ந்திருந்தது, வேலி மேல் கோவைக்கொடி படர்கிற மாதிரி. நாங்கள் பார்த்த ஜாடி எல்லாம் அந்தக் கொடியினுடையது. இறகுக்குச் சொந்தமாகக் கூடு ஒன்றுகூட இல்லை. புதன்கிழமை கல்லூரியில் பெரிய மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அது தனி இனம்தானா என்பது பழையபடி யாருக்கும் தெரியாது. அதை என்னிடம் நேரில் சொல்லத்தான் ஊருக்கு வந்தாள்.

"உங்க சார் திட்டலியாடி?" என்றாள் அக்கா.

"இல்ல. இந்த வேலையில இப்படித்தான் ஆவும், பரவால்லன்னாரு. இருந்தாலும் மியூசியத்துப் பாட்டிலுக்கு எழுதறேன்னாரு. திங்கக்கிழமை எழுதறேன்னாரு."

அக்கா ஆணியில் தொங்கிய மாலையைப் பார்த்துவிட்டு, "அப்புறம் ஏண்டி மாலைக்குக் குனிஞ்ச? அங்கியே இல்லன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள்.

அவள் என்னைப் பார்த்தாள். உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள். "பசிக்குதும்மா," என்றாள்.

நான் அரிவாளை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன். பையன்கள் அங்கேயே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றை அறுக்கப் போனவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னா மாமா, குடிச்சிட்டியா? வெச்சி ஒரு நாளு ஆவல."

"தப்பா போயிடுச்சிடா. எறக்கணும்."

"ஊர்த்தெருக்காரன் பேனரு காத்துல கிழிஞ்சி அதுவா வுழுற வரைக்கும் நிக்குது. நம்ப பேனர மட்டும் நம்பளே எறக்கணுமா? யாரு இன்னா சொன்னாங்க, சொல்லு."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அப்படியானால் நிற்கட்டும் என்றார்கள். அரிவாளோடு வீட்டுக்குத் திரும்பினேன். ஞாயிறு முழுக்க அது நின்றது. எடுத்த படங்கள் போனுக்குப் போன் போயின. ஞாயிறு ராத்திரிக்குள் அவள் கைடிடமிருந்தே அந்தப் படம் அவளுக்குத் திரும்பி வந்துவிட்டது. அடியில் 'வாழ்த்துகள்' என்று ஒரே ஒரு வார்த்தை.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். வேண்டாம் மாமா என்றாள், கேட்கவில்லை. நான் செய்ததை நானே சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். கைடின் அறையில் சுவரெல்லாம் பாட்டில்கள். அவர் எழுந்து எனக்கு நாற்காலியைக் காட்டினார். உட்கார மனசு வரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். பேனர் வைத்தது நான்தான், அவளுக்குத் தெரியாது, அவள் சொல்லாதே என்று சொல்லியும் சொன்னேன் என்று.

"நீங்க சந்தோஷத்துல வச்சிட்டீங்க," என்றார். "உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லைங்க." பிறகு அவளிடம் திரும்பினார். குரல் உயரவில்லை. "நீ புதன்கிழமையே பார்த்தாச்சு. சனிக்கிழமை மாலை போட்டுக்கிட்டு அந்த பேனருக்குக் கீழ சிரிச்சிக்கிட்டு நிக்கிற. நம்ம வேலையில தப்பாப் பார்க்கலாம்மா. தப்புன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் நிக்கக்கூடாது."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதில் வைத்திருந்தாள், எனக்குத் தெரியும். சொல்ல மாட்டாள்.

"எனக்காகத்தான் சார் நின்னா," என்றேன். "அது மாமன் சீரு சார். தெருவே நின்னிச்சி. அவ குனியலன்னா நான் அந்தத் தட்ட வச்சிகினு..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புரியுதுங்க. ஆனா அதை நான் மியூசியத்துக்கு எப்படி எழுதறது? என் வார்த்தையை நம்பித்தான் பாட்டிலை அனுப்புவாங்க. இந்தப் படம் அவங்க போனுக்கும் போயிருக்கும்." அவளைப் பார்த்துச் சொன்னார்: "இப்ப எழுத வேண்டாம். மறுபடியும் துண்டு கிடைக்கட்டும், அதோட சொந்தக் கூட்டோட. அப்ப பார்க்கலாம். உன் ஆராய்ச்சிப் புத்தகத்துல இப்போதைக்குக் கேள்விக்குறியாவே இருக்கட்டும்."

திரும்பி வரும் பஸ்ஸில் வேர்க்கடலை வாங்கி எனக்கும் கொடுத்தாள். செங்கல்பட்டு தாண்டும்போது, "பரவால்ல மாமா," என்றாள். அவள் திட்டியிருந்தால் நான் அன்றைக்கே வேறு ஊருக்குப் போயிருப்பேன். எனக்கு அது சுலபம். உத்திரமேரூரில் இறங்கியதும் அவளே பையன்களிடம் போனாள். "அண்ணா, நான் பாத்ததுதான் தப்பு. இன்னும் எதுவும் முடிவாவல. எறக்கிடுங்க," என்றாள். அதே பேனருக்குக் கீழே, டீக்கடை பெஞ்சு முழுக்க ஆள் இருக்கும்போது. என் பெயரை அவள் எடுக்கவில்லை. பையன்கள் ஏறிக் கயிற்றை அறுத்தார்கள். நான் கீழே நின்று சுருட்டினேன். சுருட்டும்போது என் முகம்தான் முதலில் உள்ளே போனது.

ஃபிளெக்ஸை எங்கள் பக்கம் யாரும் எறிய மாட்டார்கள். அக்கா வீட்டுச் சமையல் மறைப்பில் கூரையாகப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் விரிசல் விட்டிருந்தது. அடுத்த மழைக்கு முன் அக்கா அதை எடுத்து மேலே போடச் சொன்னாள். "எழுத்து வெளிய தெரியற மாதிரி போடாத," என்றாள் என்னிடம். அதனால் ஷீட்டை எடுத்துவிட்டு, எழுத்து உள்பக்கம் பார்க்கக் கட்டினேன். சாப்பிட உட்கார்ந்து அண்ணாந்தால் ஊஞ்சல், கிளி, சிவப்புப் பூ, கறுப்புக் கண்ணாடி. அந்த வீட்டில் நான் தலையைக் குனிந்தே சாப்பிடப் பழகினேன்.

அவள் அடுத்த முறை வந்தபோது தட்டோடு உட்கார்ந்து மேலே பார்த்தாள். நான் என் தட்டின் மேல் குனிந்துகொண்டேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, இந்தச் சிவப்புப் பூவுக்காவது கேள்விக்குறி கெடயாது. நல்லா தெரிஞ்ச இனம்," என்றாள். அக்கா புருஷன் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். அக்கா எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தாள். பழைய ஆல்பத்தை எடுத்து வந்து, என் கண் முன்னாலேயே, டிவி பக்கத்தில் வைத்தாள். அது எனக்கு மன்னிப்பா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை தெரியாது. நான் கேட்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அவள் பையிலிருந்து பாட்டில்களை எடுத்தாள். மூடியை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்தாள். ஒரு பூதக்கண்ணாடியும் கொடுத்தாள்.

"இந்த வாட்டி கூடு இருந்தா உடனே பாட்டில்ல போட்டுடாத. அந்தக் கூட்டோட காம்பு எங்க போய் சேருதுன்னு பாரு. எறகுல இருந்தே மொளச்சிருக்கா, மேல ஊர்ற கொடியில இருந்து வருதான்னு பாரு. சந்தேகமா இருந்தா சந்தேகம்னே எழுதி ஒட்டு."

"கெடைக்குமா?" என்றேன்.

"தெர்ல மாமா. கெடைக்காமயும் போவலாம்."

மறுநாள் காலையில் பாட்டில்களைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தேன். பேனர் கட்டிய கம்பங்களில் அறுத்த கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஒளிந்து போய்விடலாம் என்று பார்த்தேன். செங்கல்பட்டு பஸ் டீக்கடைக்கு நேர் எதிரில்தான் நின்றது.

"இன்னாப்பா தாய்மாமா," என்று கடைக்காரர் கூப்பிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "அந்தப் பிராணி இன்னாச்சி? புதுசா, பழசா? இல்ல, ரெண்டுமே இல்லியா?"

சிரிப்பதற்குத் தயாராக அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். போன தடவையும் இப்படித்தான் பார்த்தார்கள். நான் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசின.

"இன்னும் தெர்லண்ணே," என்றேன்.

"இன்னாது?"

"தெரியலண்ணே. தேடணும்."

சிரித்தார்கள். காது சுட்டது. கண்டக்டர் விசில் கொடுக்க, நான் ஏறி ஜன்னலோரமாக, அவர்களுக்கு முகம் தெரிகிற பக்கமே உட்கார்ந்தேன்.